நம் பள்ளிக்கூட நூலகம்: பிள்ளைகள் இந்த வருஷம் என்ன படித்தார்கள்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியாகிவிட்டது. போன வருஷம் நூலகத்துக்கென்று நாம் திரட்டிய பணம் என்ன ஆயிற்று என்று துபாய்த் தம்பிகளும் நியூஜெர்சி அக்காவும் மாறி மாறிக் கேட்டிருந்தீர்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக அனுப்புவார். நான் எழுதப்போவது பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதை மட்டும்தான். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கே திரும்பி வந்த பிறகு புதன்கிழமை மத்தியான நூலகப் பாடவேளையில் ஆசிரியைக்குக் கூடமாட ஒத்தாசையாகப் போய் உட்காருகிறேன். அதனால் கொஞ்சம் கிட்டே இருந்து பார்க்க முடிந்தது.

நூலகம் என்றதும் தனிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழாம் வகுப்பை ஒட்டிய சின்ன அறை, இரண்டு இரும்பு பீரோ, ஒரு நீள பெஞ்சு, தரையில் பாய். பல வருஷமாகப் புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே இருந்தன, சாவி ஆபீஸ் அறையில் இருந்தது. இதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகத்தில் ஒன்று குறைந்தாலும் தணிக்கைக்கு வருகிறவர்களுக்குத் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை கையில் கொடுத்தால் கிழியும், தொலையும், கார்த்திகை மழையில் நனையும். பூட்டி வைத்தால் தொல்லையே இல்லை. கறையான் தின்றால்கூட அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை!

நம் பணத்தில் நடந்த உருப்படியான காரியம் என்று என்னைக் கேட்டால், தொலைகிற, கிழிகிற புத்தகத்துக்குப் பதில் புத்தகம் சங்கம் வாங்கித் தரும் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்வேன். அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகுதான் பீரோ திறந்தது, பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நாம் பயந்த அளவுக்கு ஒன்றும் தொலையவில்லை. காணாமல் போனவற்றில் பாதிக்கு மேல் பொங்கல் லீவு முடிந்ததும் தானாகவே திரும்பி வந்துவிட்டன. ஒன்றின் அட்டையில் மஞ்சள் கறை, இன்னொன்றில் யாரோ ஒரு குட்டித் தங்கை கிறுக்கிய கோலம்.

இந்த இடத்தில் ஊர்ப் பெருமை கொஞ்சம் பேசிக்கொள்ளலாம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டது 1931இல். அதில் முதல் விதியே, புத்தகங்கள் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பதுதான். அதே 1931 அக்டோபரில் நம் பக்கத்து மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கே இது தெரிவதில்லை. வண்டி கட்டிக்கொண்டு புத்தகம் வந்த வட்டாரத்தில், பீரோச் சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். ஆசிரியை இதைக் கவனித்து ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். படித்து முடித்த பிள்ளை, பேரும் வகுப்பும் போட்டு, அடுத்து எடுக்கப்போகிறவருக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். கதைச் சுருக்கம் கூடாது, நீதி கூடாது. முதல் மாதம் எல்லாரும் ‘நன்றாக இருந்தது’ என்றே எழுதினார்கள். அப்புறம் கை பழகிவிட்டது. நான் குறித்து வைத்ததில் சில:

‘முதல் பத்துப் பக்கம் தூக்கம் வரும். தாண்டிவிட்டால் ஜாலி.’

‘இதை அக்கா பக்கத்தில் இல்லாதபோது படி. அழுகை வரும், கிண்டல் பண்ணுவாள்.’

‘படம் மட்டும் பார்த்தாலும் போதும்.’

‘பேய் வரும் என்று சொன்னான். வரவில்லை. ஏமாற்றிவிட்டான்.’

கடைசி வரியை எழுதிய பையனும் அவனை ஏமாற்றியவனும் ஒரே பெஞ்சுக்காரர்கள். இரண்டு வாரம் இதே பஞ்சாயத்துதான். ஆனால் பேய் வராத அந்தப் புத்தகம் பேய் இருக்கிறதா என்று பார்க்கவே ஆறாம் வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது. இப்போது பிள்ளைகள் புத்தகத்தை எடுத்ததும் முன்னட்டையைப் பார்ப்பதில்லை, திருப்பிக் கடைசித் தாளைத்தான் பார்க்கிறார்கள்.

அதிகம் ஓடியவை ஒல்லிப் புத்தகங்கள். பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வருகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ‘நுழை’, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ‘பற’. ஒரே உட்காரலில் முடிகிற அளவு. ஏழாம் வகுப்பில் படிக்கத் திணறுகிற ஒரு பெண், நாலாம் வகுப்புத் தம்பிக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று சாக்குச் சொல்லி ‘நுழை’ புத்தகங்களாக எடுத்துப் போனாள். ஆசிரியைக்கு விஷயம் புரிந்தது, எனக்கும் புரிந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. தை மாதம் போல அவள் ‘ஓடு’ அடுக்குக்குப் போய்விட்டாள். தம்பி பேச்சையே எடுக்கவில்லை.

துறை அனுப்பும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கும் நல்ல கிராக்கி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழுக்கும் சந்தா கட்டியிருந்தோம். அதில் வரும் செய்து பார்க்கும் சோதனைகளுக்காகவே பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள். எலுமிச்சம்பழத்தில் விளக்கெரிக்கப் பார்த்து யார் வீட்டு மரம் மொட்டையானது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர் இந்தக் குழுவில் இருக்கிறார்.

பெரிய புத்தகங்களில் பிள்ளைகளுக்குள்ளேயே கை மாறியவை மூன்று. ஒன்று, ‘டோட்டோ-சான்’. ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருந்த டோக்கியோப் பள்ளியைப் பற்றி டெட்சுகோ குரோயநாகி எழுதியது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டது. அதன் கடைசித் தாளில் ஒரு வரி: ‘மன்னை எக்ஸ்பிரஸில் பள்ளிக்கூடம் வைத்தால் நான் லீவே போட மாட்டேன்.’ இரண்டாவது, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்ய அகாதெமி கொடுக்கும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020இல் வாங்கியது. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேசுகிற கதை. இந்தப் புத்தகத்தின் தாளில் மட்டும் பெண்பிள்ளைகள் பேர் போடாமல் எழுதியிருந்தார்கள். ஆசிரியை கட்டாயப்படுத்தவில்லை. ‘அம்மாவையும் படிக்கச் சொல்’ என்று ஒருத்தி எழுத, அதன் கீழே மூன்று பேர் ‘நானும் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். வருஷம் பூராவும் நான் பார்த்ததில் என்னை அசைத்தது இந்தத் தாள்தான். நம் வீட்டுப் பெண்கள் வாங்கி அனுப்புவதென்றால் இதிலேயே இன்னும் சில பிரதிகள் வாங்கி அனுப்புங்கள்.

மூன்றாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவியின் கதை. சின்னப் புத்தகம்தான், ஆனால் கனமானது. எட்டாம் வகுப்புக்கு மட்டும் என்று ஆசிரியை ஒதுக்கி வைத்தார். ஒதுக்கி வைத்ததாலேயே ஆறாம் வகுப்புக்காரர்களும் படித்துவிட்டார்கள்.

இப்போது ஓடாதவை. மனம் கோணாமல் கேளுங்கள். படம் வந்த சமயத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வேண்டும் என்று நம்மில் பலர் ஒற்றைக்காலில் நின்று வாங்கிக் கொடுத்தோம். முதல் பாகம் அட்டை தேய்ந்திருக்கிறது. இரண்டாம் பாகத்தை ஓரிருவர் தொட்டிருக்கிறார்கள். ஐந்தாம் பாகம் கடையில் இருந்த மாதிரியே மொறுமொறுவென்று இருக்கிறது. கல்கி அதை வாராவாரம் பத்திரிகையில் எழுதினார், நம் தாத்தா பாட்டிகள் வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். மொத்தமாகப் பிள்ளை மடியில் வைத்தால் அது பயப்படாமல் என்ன செய்யும்? வேண்டுமானால் ஆசிரியை வாரம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டட்டும், அது வேறு விஷயம்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டி வந்த ஆங்கிலப் புத்தகங்களும் அப்படியேதான். வழவழத் தாளில் கலைக்களஞ்சியம், பனிப்பொழிவும் ஹாலோவீனும் வரும் கதைகள். உங்கள் பிள்ளைகள் ஆசையாகப் படித்தவை என்று தெரிகிறது, உள்ளே அவர்கள் பேரெல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் கப்பல் கூலிக்குக் கொடுத்த காசில் இங்கே ஒரு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வாங்கலாம். படம் அதிகமும் எழுத்து குறைவுமான ஆங்கிலப் புத்தகங்கள் மட்டும் ஓடின. அதிலும் டைனோசர் புத்தகத்துக்கு முன்பதிவு இருக்கிறது. தேர்வு வழிகாட்டிகளை எடுத்துப் போகிறவர்கள் பிள்ளைகளின் சித்தப்பாக்கள். அவற்றை ஊர்ப்புற நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள்.

அடுத்த வருஷத்துக்கு நான் கேட்பது சின்னச் சின்னதாக இருக்கிறது. பெட்டி அனுப்ப வேண்டாம், பணமாகவே கொடுங்கள். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலுக்கே போகட்டும். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம், வேண்டிய புத்தகத்தின் பேரைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். பேர் தெரியாதவர்கள் ‘யானை வர வேண்டும், ஆனால் சாகக் கூடாது’ என்ற மாதிரி எழுதுகிறார்கள். 2025இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வை இரண்டு பேர் பேரோடு கேட்டிருக்கிறார்கள். எங்கே கேள்விப்பட்டார்களோ! புத்தகக் கண்காட்சியில் வாங்கினால் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும், ஆசிரியையோடு ஏழெட்டுப் பிள்ளைகளையும் வேனில் கூட்டிப்போய் அவர்களையே எடுக்கச் சொல்லலாம். வேன் வாடகையை ரியாத் தம்பி ஏற்றுக்கொள்வதாகப் போனில் சொன்னார். இங்கே எழுதிவிட்டேன், இனி மாற முடியாது.

அப்புறம் பைண்டிங். நல்லா ஓடின புத்தகம்தான் முதலில் உதிர்கிறது. மன்னார்குடியில் காலிகோ துணி வைத்துத் தைத்துத் தருகிறவரிடம் பேசியிருக்கிறேன். கடைசித் தாள்களைக் கிழிக்காமல் அப்படியே வைத்துத் தைக்க வேண்டும் என்பது மட்டும் நம் நிபந்தனை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் புத்தகங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முன்பணத்தை நானே கொடுத்துவிட்டேன், பொருளாளர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

நியூஜெர்சி அக்கா, மாதம் ஒரு தடவை வீடியோவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன் என்றீர்களே, ஆசிரியை சம்மதித்துவிட்டார். இங்கே புதன் மத்தியானம் என்றால் உங்களுக்கு விடியற்காலை. எழுந்திருக்க முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.