சிறுகதைத் தொகுப்பு, 300 பிரதி: எத்தனை பாரம் வரும்?

கதைக்காரன்: 14 கதைகள், மொத்தம் 38 ஆயிரம் சொற்கள். பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில், மீதி யூனிகோடில். அச்சகத்தில் விலை கேட்டால், “எத்தனை பாரம்னு சொல்லுங்க சார்” என்கிறார்கள். அதை எப்படிக் கணக்குப் போடுவது?

அச்சுமை: பாரம் என்றால் ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள். டெமி அளவில் (5.5 × 8.5 அங்குலம்), 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 220 சொற்கள் பிடிக்கும். அப்படியென்றால் 173 பக்கம். தலைப்பு, உரிமை விவரம், முன்னுரை, பொருளடக்கம் என்று 8. ஒவ்வொரு கதையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் கதை முடிவில் விழும் வெற்றிடம் இன்னொரு 7. ஆக 188. பாரத்துக்கு 16 பக்கம். 12 பாரம், 192 பக்கம்.

ஆனால் 300 பிரதிக்கு ஆஃப்செட் (பிளேட் செய்து அடிக்கும் அச்சு) எதற்கு? பிளேட் செலவு மொத்தமும் அந்த 300 தலையில் விழும். டிஜிட்டலில் பக்கக் கணக்குதான், பாரக் கவலை இல்லை. இரண்டு இடத்திலும் விலை வாங்கிப் பாருங்கள். உள்தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன் என்று இருவரிடமும் ஒரே மாதிரி சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் விலையை ஒப்பிட முடியாது.

பக்கவடிவம்: அதற்கு முன்னால் பாமினியை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. அதனால் மாற்றியபின் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் “வந்தான்இ” என்று நிற்கும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். மாற்றியதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ‘கௌ’வில் ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ தட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடினால்தான் சிக்கும்.

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். மெய்ப்பு இரண்டு சுற்று, இரண்டாவது கண்டிப்பாகத் தாளில். பக்கம் கட்டியபிறகு கதையைத் திருத்தாதீர்கள்; ஒரு பத்தி கூடினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கதைகளும் நகரும், பொருளடக்கமும் தப்பாகும்.

கதைக்காரன்: நன்றி. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி அடையாள எண்) அவசியமா? முதுகு அகலம் எவ்வளவு?

கடைக்கணக்கு: இணையத்தில், கடைகளில் விற்க வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. கிண்டில் மின்னூலுக்கும் தாள் புத்தகத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள்.

விலை வைக்கும்போது கடைக்கழிவு 35 சதவீதமாவது போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் என நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும், 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி. இந்த நான்கையும் விற்பனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அச்சுமை: முதுகு: 192 பக்கம் என்றால் 96 தாள். தாள் கனம் 0.1 மி.மீ. என்றால் 9.6 மி.மீ. தாளுக்குத் தாள் கனம் மாறும், அச்சகத்தில் கேட்டபிறகே அட்டையை முடியுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள், வெட்டும்போது வெள்ளை தெரியாது.