பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

மீண்டும் மீண்டும் பார்க்கத் தகுந்த படம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது, 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நான் ஒரே காரணத்துக்காகப் பார்த்ததில்லை. எட்டு வயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தபோது, நாகேஷின் சவடால் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் வரும் இடங்களில் மட்டும் விழித்திருந்தேன். மற்ற நேரமெல்லாம் அம்மாவின் மடியில் உறக்கம். கல்லூரி நாள்களில் தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமைப் படமாக அது வந்தபோது, சிவாஜியும் பத்மினியும் இரயில் பெட்டிக்குள் கண்களாலேயே பேசிக்கொள்வது புரிகிற வயது வந்திருந்தது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடரை நூலாகப் படித்த பின்பு மூன்றாம் முறை பார்த்தேன். இயக்குநர் ஏ.பி. நாகராஜன் கதையில் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்ததில் படத்தை ரசிக்கவே முடியவில்லை. நூலை முடித்த கையோடு படத்துக்கு உட்காருவதைப் போன்ற தண்டனை வேறில்லை.

நான்காம் முறைதான், தவில்காரர் முத்துராக்குவாக நடித்த டி.எஸ். பாலையா என் கண்ணில் பட்டார். ‘நலந்தானா’ பாடலில், காயம்பட்டு மீண்டுவந்து வாசிக்கும் சண்முகசுந்தரத்திடம், கூடியிருக்கும் சபைக்குத் தெரியாதபடி மோகனா பாட்டுக்குள்ளேயே நலம் விசாரிக்கிறாள். அந்தக் கேள்வியின் உட்பொருள் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் தவில் வாசித்துக்கொண்டிருக்கும் முத்துராக்கு. அவருக்கு அங்கே பேச்சில்லை. கை தவிலில் இருக்கிறது. முகம் மட்டும் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய்வருகிறது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு அவரை மட்டுமே பின்தொடர்ந்து முழுப் படத்தையும் இன்னொரு முறை பார்த்தேன். மற்றவர்களுக்கும் இப்படி ஓர் அனுபவம் வாய்த்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

* * *

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் தாத்தா கோயில் தவில்காரர் என்பதால் எனக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ வேறு வழியில் அறிமுகமாயிற்று. நாதஸ்வரக் காட்சிகள் வந்தால் அவர் திரையில் வாசிப்பவர்களின் கைகளைத்தான் பார்ப்பார். ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை சகோதரர்களான சேதுராமன், பொன்னுசாமி ஆகியோருடையது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அதில் குறை காண இடமில்லை. தவிலில் ஒரு பக்கம் கழியாலும், வலந்தலை எனப்படும் மறுபக்கம் கூடு என்னும் உறை மாட்டிய விரல்களாலும் வாசிக்க வேண்டியிருப்பதால், நடிகர் ஒருவர் அதை வாசிப்பதுபோலக் காட்டுவது எளிதன்று. “கை சில இடத்துல தப்புது, ஆனா தலை ஒரு இடத்துலகூடத் தப்பல” என்று பாலையாவைப் பற்றித் தாத்தா சொல்வார். நாதஸ்வரக்காரர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்பதைக் காதால் முன்கூட்டியே பிடிப்பதுதான் தவில்காரரின் தொழில் என்றும், அந்தக் காது இவர் முகத்தில் தெரிகிறது என்றும் விளக்குவார். தாத்தா போன பிறகு அந்தப் படத்தைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம், நானும் என்னை அறியாமல் தலையைத்தான் கவனிக்கிறேன்.

* * *

நான் சொல்லவிருப்பது 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாதவர்கள் குறைவு. கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷின் வாயிலிருந்தே வரும். இளமையில் நாங்கள் அவரைப்போலச் சத்தமிட்டுக் காட்டித்தான் ஒருவரையொருவர் பயமுறுத்தினோம். எதிரில் உட்கார்ந்திருந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஸ்ரீதரே இதை 1966இல் இந்தியில் எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். அதுவும் நன்றாகவே இருக்கிறது; ஆனால் எனக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை.

என் தாயாருக்கு எழுபது வயதுக்குப் பிறகு செவிப்புலன் முற்றிலும் போய்விட்டது. கருவி பொருத்தியும் பயனில்லை. தொலைக்காட்சி பார்ப்பதையே அவர் விட்டுவிட்டிருந்த காலத்தில், ஒருநாள் இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நாகேஷ் எழுப்பும் ஒலிகளில் ஒன்றுகூட அவருக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் சமையலறை வாசலில் முறத்தோடு நின்றபடியே, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பாலையாவை. எந்த நேரத்தில் எந்தச் சத்தம் வருகிறது என்பதை, அந்தக் கண்கள் விரிவதையும் உடம்பு ஒடுங்குவதையும் வைத்தே அவர் அறிந்துகொண்டார். அதன்பிறகு நாங்கள் இருவரும் அந்தப் படத்தைப் பலமுறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டே பார்த்தோம்.

* * *

முகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ‘ஒரு நாள் போதுமா’ பாடலை நான் நூறு முறைக்கு மேல் பார்த்திருப்பேன். என்னை அதில் இழுப்பது முதலில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல்தான். பாலையாவின் செருக்கு அந்தக் குரலின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கிய நடிகருக்கு அது பெரிய காரியமில்லை என்று ஒரு நண்பர் சொல்வார், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆயினும் உங்கள் பதிவுகளைப் படித்த பின்பு நேற்றிரவு மறுபடி அந்தப் படத்தைப் போட்டேன். இம்முறை பாட்டுக்காக அல்ல, அதற்குப் பின்னால் வரும் இரவுக்காக. பாலையா நடித்த ஹேமநாத பாகவதர், விறகுவெட்டி ஒருவன் பாடுவதைக் கேட்கிறார். இவன் யாரிடம் கற்றான் என்று விசாரிக்கிறார். பாகவதரோடு போட்டியிட்டுப் பாடவிருந்த பாணபத்திரர் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்ட மாணவன் என்று பதில் வருகிறது. அரசவையில் பாண்டியனையே எடைபோட்ட அந்த முகம், ஒரு விறகுவெட்டியின் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போவதை இத்தனை ஆண்டுகளாக நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். ‘ஒரு நாள் போதுமா’ என்று கேட்டவர், விடிவதற்குக்கூடக் காத்திராமல் மதுரையை விட்டுப் போய்விடுகிறார்.