வயர்கார்ட் ஓடுகிறது, ஆனால் டிஎன்எஸ் மட்டும் வீட்டு ரவுட்டர் வழியாகவே போகிறது

மொட்டைமாடி:
சிங்கப்பூரில் ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டிருக்கிறேன், லேப்டாப்பில் உபுண்டு 22.04. அலௌடு ஐபிஸ் (விபிஎன் டனலுக்குள் போக வேண்டிய முகவரிகள்) 0.0.0.0/0 என்று கொடுத்ததால் என் ஐபி சிங்கப்பூர் என்றுதான் காட்டுகிறது, அதுவரை சந்தோஷம். ஆனால் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றுவது) கேள்விகள் யாரிடம் போகின்றன என்று காட்டும் லீக் டெஸ்ட் ஓட்டினால் வீட்டு நெட்காரரின் சர்வர் பல்லைக் காட்டுகிறது. எல்லாமே டனலுக்குள் போகிறது என்றால் இது மட்டும் எப்படி வெளியே போகிறது? கான்ஃபிக்கில் முதலில் டிஎன்எஸ் = 10.8.0.1 என்று ஒரு வரி இருந்தது, அது டனலுக்குள் விபிஎஸ்ஸின் முகவரி, அங்கே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் போட்டிருக்கிறேன். அந்த வரியோடு வயர்கார்டை ஏற்றும் டபிள்யூஜி-குயிக் அப் கொடுத்தால், டிஎன்எஸ்ஸை அமைக்கும் ரிசால்வ்கான்ஃப் கமாண்டே இல்லை என்று சொல்லி இன்டர்ஃபேஸையே இறக்கிவிடுகிறது. வரியை எடுத்ததும் கனெக்ட் ஆனது, அப்படியே விட்டுவிட்டேன்.

பழையகர்னல்:
வினையே அந்த வரியை எடுத்ததுதான். டெர்மினலில் ஐபி ரூட் கெட் 1.1.1.1 அடியுங்கள், டபிள்யூஜி0 (வயர்கார்ட் இன்டர்ஃபேஸ்) என்று வரும். அடுத்து ஐபி ரூட் கெட் 192.168.1.1 அடியுங்கள், வைஃபை இன்டர்ஃபேஸ் பெயர் வரும். அவ்வளவுதான் விஷயம். 0.0.0.0/0 கொடுத்தால் டபிள்யூஜி-குயிக் உங்கள் மெயின் ரூட்டிங் டேபிளை (பாக்கெட் எந்த வழியில் போவது என்ற பட்டியல்) தொடாது, 51820 என்று தனி டேபிள் போட்டு அங்கே டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி குறிப்பிடாதவற்றுக்கான வழி) வைக்கும். மெயின் டேபிளில் இருக்கும் டிஃபால்ட் ரூட்டை மட்டும் கண்டுகொள்ளாதே என்று ஒரு ரூல் சேர்க்கும், ஆனால் 192.168.1.0/24 போன்ற குறிப்பான ரூட் எல்லாம் அப்படியே செல்லும். வீட்டுப் பிரிண்டர் வேலை செய்வது அதனால்தான். உங்கள் டிஎன்எஸ் சர்வராக டிஹெச்சிபி (வைஃபையில் சேரும்போது அமைப்புகளைத் தானே தருவது) கொடுத்திருப்பது ரவுட்டரை. எனவே கேள்வி நேராக ரவுட்டருக்குப் போய், அது நெட்காரரிடம் கேட்கிறது. டனலில் ஓட்டை எதுவும் இல்லை, அந்தப் பாக்கெட் டனல் பக்கமே வரவில்லை.

எடுத்த வரியைத் திரும்பப் போடுங்கள். உபுண்டுவின் டிஎன்எஸ் கமாண்டான ரிசால்வ்சிடிஎல்லுக்கு ரிசால்வ்கான்ஃப் என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (மாற்றுப் பெயர்) வையுங்கள், அந்தப் பெயரில் கூப்பிட்டால் அது அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்ளும்.

மொட்டைமாடி:
அண்ணா, சிம்லிங்க் போட்டேன், எரர் போய்விட்டது. ஆனால் இப்போது ஒரு தளமும் திறக்கவில்லை! பிங் 1.1.1.1 போகிறது, பெயர் கொடுத்தால் செத்துவிடுகிறது.

மழைக்குருவி:
அன்பவுண்ட் சும்மா நிறுவினால் 127.0.0.1-இல் மட்டும்தான் காது கொடுக்கும், மற்றவர் கேட்டால் மறுத்துவிடும். இன்டர்ஃபேஸ் 10.8.0.1 என்று சேருங்கள், ஆக்சஸ்-கன்ட்ரோலில் 10.8.0.0/24-க்கு அலௌ. விபிஎஸ்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடினால் டபிள்யூஜி0 மேல் டிஎன்எஸ் போர்ட்டான 53-ஐயும் திறக்க வேண்டும், யூடிபி, டிசிபி இரண்டுக்கும். தயவுசெய்து டபிள்யூஜி0 மேல் மட்டும், 0.0.0.0 என்று கொடுத்து ஊருக்கே ஓபன் ரிசால்வர் ஆகிவிடாதீர்கள்.

அப்புறம், புதிய வகை முகவரியான ஐபிவி6-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே. வெறும் 0.0.0.0/0 என்றால் ஐபிவி4 மட்டும்தான். நெட்காரர் ஐபிவி6 கொடுத்திருந்தால், அது உள்ள தளங்களுக்கு எல்லாம் நீங்கள் வீட்டு முகவரியிலிருந்தே போய்க்கொண்டிருப்பீர்கள். அலௌடு ஐபிஸில் ::/0 (எல்லா ஐபிவி6-உம்) சேருங்கள். விபிஎஸ்ஸில் ஐபிவி6 இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாக்கெட் டனலுக்குள் போய் முடிந்துவிடும், பிரவுசர் ஐபிவி4-க்குத் தாவிக்கொள்ளும்.

கேபிள்காரர்:
எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறைத்துப் பாருங்கள் ப்ரோ, பிபிபிஓஇ (ஒரு வகை பிராட்பேண்ட் இணைப்பு முறை) லைன் என்றால் 1412 வைக்க வேண்டும்.

பழையகர்னல்:
அவருக்குப் பிங் போகிறது, பெயர்தான் வரவில்லை, இதில் எம்டியூ எங்கே வந்தது? 1412 கணக்கும் எப்போதும் பொருந்தாது. பிபிபிஓஇ 1492, சர்வரை ஐபிவி6 வழியாகத் தொட்டால் வயர்கார்ட் உறைக்கு 80 பைட் கழியும், அப்போதுதான் 1412. ஐபிவி4 என்றால் 60 தான், 1432 வரை இடம் இருக்கிறது, டிஃபால்ட் 1420 தாராளம்.

மொட்டைமாடி:
ஆக்சஸ்-கன்ட்ரோல்தான் காரணம். இப்போது ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸில் டபிள்யூஜி0 கீழே 10.8.0.1, அதனடியில் ~. (எல்லாப் பெயரும் இங்கேதான்) என்று இருக்கிறது. வைஃபை மேல் போர்ட் 53-க்கு டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன், ஒரு பாக்கெட்டும் இல்லை. ::/0 சேர்த்தபின் டெஸ்ட் பக்கத்திலும் சிங்கப்பூர் மட்டும்தான். பிரிண்டரும் ஓடுகிறது.