நியூயார்க்கின் ஆர்-32: முன் ஜன்னலுக்காக ஒரு பயணம்

நியூயார்க் சப்வேயில் ஆர்-32 ரயில் ஓடிக்கொண்டிருந்தவரை அதைப் பற்றி ஒருவரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ரகப் பெட்டிகள் ஓடிய சி தடத்து ரயிலில் வேலைக்குப் போய் வந்தவன் நான். சுரங்கத்துக்குள் தூரத்தில் அந்த முகம் தெரிந்ததும் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் "இதுவா" என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சத்தம் அதிகம். கண்டக்டர் மைக்கில் சொல்வது பாதி புரியாது. கோடையில் ஏசி எந்தப் பெட்டியில் வேலை செய்கிறது என்று பார்த்து ஏறுவது ஒரு கலை. அதே ரயிலுக்கு வழியனுப்பு ஓட்டம் என்று அறிவித்ததும் கேமராவும் கையுமாக ஊர் திரண்டுவிட்டது. நானும் போனேன், அதைத்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பழைய கதை. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பட் கம்பெனி 1964, 65-இல் இந்த ரகத்தில் 600 பெட்டிகள் செய்து கொடுத்தது. நியூயார்க் சப்வேக்குப் பெரிய எண்ணிக்கையில் வந்த முதல் எவர்சில்வர் பெட்டிகள் இவைதான். பக்கச் சுவர் முழுக்க வரி வரியாக நெளி போட்டிருக்கும். பெயின்ட் அடிக்கத் தேவையில்லாத அந்தப் பளபளப்புக்காகவே 'பிரைட்லைனர்' என்று பெயர் வைத்தார்கள். 1964 செப்டம்பரில் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே ஒரு ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தி ஊருக்குக் காட்டிவிட்டு, அப்புறம் புரூக்ளினின் பிரைட்டன் தடத்தில் ஓட விட்டார்கள். ஏசியெல்லாம் 1980-களின் கடைசியில் முழுப் பழுது பார்த்தபோது வந்ததுதான்.

இந்த ரயில் ஓய்வு பெற்ற கதை ஒரு தனிக் கூத்து. 2000-களின் கடைசியில் புது ரயில்கள் வந்ததும் ஆர்-32-ஐக் கழிக்கத் தொடங்கினார்கள். பலவற்றை அட்லாண்டிக் கடலில் இறக்கி, மீன்கள் தங்கும் செயற்கைப் பாறையாக்கினார்கள். 2001 முதல் 2010 வரை அப்படிக் கடலுக்குப் போன சப்வே பெட்டிகள், எல்லா ரகமும் சேர்த்து, 2,500-க்கும் மேல். மிச்சமிருந்த ஆர்-32-களும் போயிருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து, இதைவிட இளைய ஆர்-44 பெட்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்து பலவீனமாகிவிட்டது தெரிந்தது. அவற்றை அனுப்பிவிட்டு இருநூற்றுச் சொச்சம் ஆர்-32-களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஒரு கோடையில் சுரங்க வெக்கையை இவற்றின் ஏசி தாங்காது என்று சிலவற்றை மேம்பாலத்தில் ஓடும் ஜே தடத்துக்கு மாற்றியதும் நடந்தது. ஒருவழியாக 2020-இல் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகாவது விட்டார்களா? அந்த ஜூனில் புதிய ஆர்-179 ரயில் ஒன்றில் இரண்டு பெட்டிகள் ஓட்டத்திலேயே பிரிந்துவிட, அந்த ரகம் முழுவதையும் ஓரம் கட்டினார்கள். ஷெட்டில் கிடந்த ஆர்-32-ஐத் தட்டி எழுப்பி மறுபடி ஓட்டினார்கள். ரிட்டயர் ஆனவரைக் கூப்பிட்டு 'இந்த மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் ஆபீஸ் கதைதான்.

கொரோனாவால் தள்ளிப்போன வழியனுப்பு 2021 டிசம்பர் ஞாயிறுகளில் தொடங்கியது. கடைசி ஓட்டம் 2022 ஜனவரி 9. கடைசி நாள் கூட்டத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடியாது என்று தெரிந்ததால் நான் டிசம்பரின் கடைசி ஞாயிறிலேயே போய்விட்டேன். டிக்கெட் அன்றைய வழக்கமான கட்டணமான 2.75 டாலர்தான். லோயர் ஈஸ்ட் சைடில் இருக்கும் செகண்ட் அவென்யூ ஸ்டேஷனில் ஏறி, மன்ஹாட்டன் வழியாக ஹார்லெமின் 145-ஆம் தெரு வரை. அங்கிருந்து திரும்பி பிரைட்டன் பீச். அப்புறம் க்யூ தடத்தில் 96-ஆம் தெரு.

எனக்கு வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: முதல் பெட்டியின் முன் கதவு. ஆர்-32-இல் மோட்டார்மேன் அறை முன்பக்கத்தின் வலது மூலையை மட்டும்தான் அடைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் கதவில் ஒரு கண்ணாடி. அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் மோட்டார்மேன் பார்ப்பதையே நாமும் பார்க்கலாம். பின்னால் வந்த ரயில்களில் அந்த அறை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீண்டுவிட்டது. ஓட்டுபவருக்கு வசதி, பாதுகாப்பு, எல்லாம் நியாயம்தான். ஆனால் பயணிக்கு மிஞ்சியது பக்கவாட்டு ஜன்னலில் ஓடும் கறுப்புச் சுவர். நாள் தவறாமல் சி ரயிலில் போன காலத்திலும், எரிச்சலையெல்லாம் மீறி அந்தக் கண்ணாடி காலியாக இருந்தால் நான் போய் நின்றுவிடுவேன். வேட்டி கட்டாத குறையாக ஆபீசுக்குக் கிளம்பிய நாற்பது வயது ஆளுக்கு இது அழகா என்று யாரும் கேட்கவில்லை, நியூயார்க்கில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

அன்றைக்கு அங்கே ஒரு வரிசையே இருந்தது. யாரும் ஏற்பாடு செய்யாமல் தானாக ஒரு விதி உருவாகியிருந்தது: சின்னப் பிள்ளைகளுக்கு முதல் உரிமை, பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்டேஷன். என் முறை வந்தது 59-ஆம் தெருவில். அதைவிட அதிர்ஷ்டம் கிடையாது. அங்கிருந்து 125-ஆம் தெரு வரை எக்ஸ்பிரஸ் ரயில் எங்கும் நிற்காது, நடுவில் ஏழு ஸ்டேஷன்களை விட்டுவிட்டுப் பறக்கும். எனக்கு முன்னால் நின்ற பத்து வயதுப் பையன் நகர்வதாக இல்லை. அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பரவாயில்லை என்று அவன் தலைக்கு மேலாகவே பார்த்தேன்.

அந்தப் பையன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். ஒவ்வொரு சிக்னலுக்கும் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி, கையளவு இரும்புக் கரம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. சிக்னல் சிவப்பிலிருந்து மாறும்போது அது மெல்லத் தலை சாய்கிறது. சிவப்பைத் தாண்டி ரயில் வந்துவிட்டால் அந்தக் கரம் பெட்டிக்கு அடியில் இருக்கும் நெம்புகோலைத் தட்டும், பிரேக் தானாகப் பிடித்துவிடும். இத்தனை வருடம் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தும் நான் விளக்குகளைத்தான் பார்த்திருக்கிறேன், தரையைக் கவனித்ததில்லை. "இப்போ விழும் பாருங்க" என்று அவன் விரலால் கண்ணாடியைத் தொட, அது விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பக்கத்தில் 72, 81, 86 என்று ஸ்டேஷன்கள் வெளிச்சத் துண்டுகளாகக் கழன்று போயின. சில பிளாட்பாரங்களில் போட்டோ எடுக்க நின்றவர்களின் பிளாஷ் மட்டும் தெரிந்தது. வண்டி குலுங்கிய குலுங்கலில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

145-இல் திரும்பியதும் எங்கள் பெட்டி கடைசிப் பெட்டியாகிவிட்டது. கூட்டத்தில் பாதி பிளாட்பாரத்தில் இறங்கி மறுமுனைக்கு ஓடியது. நான் ஓடவில்லை, உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்துவிட்டேன். அப்போதுதான் எதிரில் இருந்த பெரியவர் நான் போனில் வீட்டோடு பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பி தமிழோ?" என்றார்.

"ஆமாங்கய்யா, மதுரைப் பக்கம்."

"நான் யாழ்ப்பாணம். இப்ப ஸ்டேட்டன் ஐலண்டில இருக்கிறன். காலமை ஃபெரியில வந்தனான்."

எண்பத்தாறில் வந்தவராம். மன்ஹாட்டனில் ஒரு பத்திரிகைக் கடையில் இரவு வேலை, விடிந்ததும் புரூக்ளினில் இருந்த அறைக்கு ரயில். "அப்ப ஏசியும் இல்லை, ஒண்டும் இல்லை. உள்ளயும் வெளியயும் ஒரே கிறுக்கல். கண்ணாடிக்கு மேலயும் பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்கள். எந்த ஸ்டேஷன் எண்டு தெரியாது, எண்ணிக்கொண்டிருந்துதான் இறங்கிறது." கிறுக்கல் உள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாக 1989 மே மாதத்தில் நிர்வாகம் அறிவித்தது. அவர் அதற்கு முந்திய மூன்று வருடத்தையும் முழுசாக அனுபவித்தவர்.

பிறகு மனைவி வந்து, மகன் பிறந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைத் தூக்கிக்கொண்டு முன் கண்ணாடியில் நிற்பது வழக்கமாகிவிட்டது. "கடற்கரைக்கு எண்டு வெளிக்கிடுவம். அங்க போய்ச் சேர்ந்ததும் திரும்பி ரயிலில ஏறோணும் எண்டு அழுவான். அவனுக்குக் கடல் வேண்டாம்." அந்த மகன் இப்போது டெக்சாஸில் இருக்கிறார். அவருக்குக் காட்டத்தான் அப்பா வந்திருக்கிறார்.

சுரங்கத்திலிருந்து மன்ஹாட்டன் பாலத்தின் மேல் வெளியே வந்து போனுக்குச் சிக்னல் கிடைத்ததும் வீடியோ கால் போட்டார். "அப்பா, உங்கட நெத்தி மட்டும்தான் தெரியுது, போனைத் திருப்புங்கோ" என்று மகன் கத்த, இவர் திருப்ப, அது கூரை விளக்கைக் காட்டியது. நான் வாங்கிப் பிடித்தேன். நெளிச் சுவரைக் காட்ட முடியாது, அது வெளியே இருக்கிறது. சாம்பல் நீல நிற பெஞ்சையும், கதவையும், பக்க ஜன்னலுக்கு மேல் துணிச்சுருளில் ஓடும் ஊர்ப் பெயர்ப் பலகையையும் காட்டினேன். "முன்னுக்குப் போகேலாதோ?" என்று கேட்டார் மகன். போக முடியாது, எங்களுக்கு முன்னால் மொத்த ரயிலும் ஆட்களும். ரயில் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கியதும் கால் அறுந்தது. பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "பிறகு படம் அனுப்புவம்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிரைட்டன் பீச்சில் தள்ளுவண்டி நிறைய காய்கறியோடு ஒரு ரஷ்யப் பாட்டி ஏற வந்தார். கண்டக்டர் இது ஸ்பெஷல் வண்டி என்று விளக்கினார். மன்ஹாட்டன் போகுமா என்று பாட்டி கேட்டார். போகும். அப்புறம் என்ன பேச்சு என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அத்தனை கேமராக்களுக்கு நடுவில் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்று அந்த ரயிலில் ஏறியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் டீகால்ப் அவென்யூ தாண்டியதும் வலது பக்கம் பார்க்கச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். கைவிடப்பட்ட மர்ட்டில் அவென்யூ ஸ்டேஷனில் 1980-இல் பில் பிராண்ட் என்ற கலைஞர் அமைத்த ஓவியம் அது. சுவரில் வரிசையாகச் சிறு பிளவுகள், அவற்றுக்குப் பின்னால் வரைந்த படங்கள். ரயில் ஓடும் வேகத்தில் அவை அசைந்து, உருமாறி, ஒரு ராக்கெட்டாகிப் பறக்கும். நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வண்டி மெதுவாகப் போனதால் அன்றைக்கு அசைவும் மெதுவாகவே இருந்தது. அப்புறம் பாலம். இந்தமுறை தெற்குப் பக்கத் தண்டவாளம் என்பதால் புரூக்ளின் பாலமும் துறைமுகமும் சேர்ந்து தெரிந்தன. போகும்போது பார்த்த வடக்குப் பக்கக் காட்சி இதற்கு உறை போடக் காணாது.

96-ஆம் தெரு 2017-இல் திறந்த ஸ்டேஷன். உயரக் கூரை, தூணே இல்லாத பிளாட்பாரம். 1964-இன் ரயில் அங்கே நின்றதில் ஒரு வேடிக்கை இருந்தது: ஸ்டேஷன்தான் புதுசாகத் தெரிந்தது, எவர்சில்வர் எங்கேயும் பொருந்திவிடுகிறது. பெரியவர் வெளியே இறங்கி நெளிச் சுவரில் கை வைத்து நின்றார், நான் நாலைந்து படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். ஃபெரிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

தவறவிட்டவர்களுக்கு ஒரு தகவல். ஆர்-32 பெட்டிகளில் ஒரு ஜோடியை நியூயார்க் டிரான்சிட் மியூசியம் எடுத்து வைத்திருக்கிறது. புரூக்ளினில் பழைய கோர்ட் ஸ்ட்ரீட் சுரங்க ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கும் அந்த மியூசியத்தைப் பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள், பழைய பெட்டிகளுக்குள் ஏறி உட்காரவும் விடுவார்கள். கண்ணாடிக்காகத்தான் போகிறீர்கள் என்றால், டிசம்பர் வார இறுதிகளில் 1930-களின் பெட்டிகளைக் கோத்து ஒரு ரயில் விடுவது உண்டு. பிரம்பு இருக்கை, கூரையில் மின்விசிறி, முன் கதவில் அதே மாதிரிக் கண்ணாடி. டிக்கெட் அதே சாதாரணக் கட்டணம்தான். முதல் ஓட்டத்துக்கே போய்விடுங்கள். பகல் ஏற ஏறப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் முறை வருவது கஷ்டம்.