சர்ஃபேஸ் எம்பிராய்டரி கிட்: கிராஸ் ஸ்டிட்ச் இல்லாமல் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

தாமரைமொட்டு (டர்பன்)

வணக்கம். வீட்டில் வைத்துத் தைக்க ஒரு எம்பிராய்டரி கிட் தேடுகிறேன். ஸ்டெம், செயின், சாட்டின், லாங் அண்ட் ஷார்ட் (நீளமும் குட்டையுமாகத் தைத்து நிறத்தைக் கலப்பது) என்று வரைந்த கோட்டின் மேல் தைக்கிற வகை வேண்டும். 'எம்பிராய்டரி கிட்' என்று தேடினால் முக்கால்வாசி கிராஸ் ஸ்டிட்ச்தான் (கட்டம் எண்ணிப் பெருக்கல் குறியாகத் தைப்பது) வருகிறது. படத்தைப் பார்த்து வாங்கிய ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக அய்டா துணி. இன்னொன்றில் துணி பரவாயில்லை, ஊசி மொட்டை, நூலில் நிற எண்ணே இல்லை.

எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, வாங்குமுன் எதைப் பார்ப்பது? வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் லாபம் உண்டா, இங்கேயே பொருள் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமா? கடைசியில் தைக்க வேண்டியது சாமி அறையில் மாட்ட ஒரு மயில், உயரம் சுமார் 18 செ.மீ. அடிப்படைத் தையல்கள் தெரியும். லாங் அண்ட் ஷார்ட் இன்னும் கைக்கு வரவில்லை.

———

ஊசிக்காது (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் தேடும் சொல். 'சர்ஃபேஸ் எம்பிராய்டரி', 'க்ரூவல்', 'நீடில் பெயின்டிங்', 'ப்ரீ-பிரின்டட் பேனல்' என்று போடுங்கள். தென்னாப்பிரிக்காவில் சின்னக் கடைகள் பல ஆஃப்ரிகான்ஸில்தான் பட்டியல் போடுகின்றன. 'பொர்டியர்வெர்க்' என்றால் எம்பிராய்டரி, 'க்ரெய்ஸ்டியக்' என்றால் கிராஸ் ஸ்டிட்ச். இரண்டாவது சொல்லைக் கண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'ஸ்டாம்ப்ட்' என்று இருந்தால் அச்சிட்ட துணி என்று நம்பி வாங்குவோம். பல சமயம் அது பெருக்கல் குறியாக அச்சிட்ட கிராஸ் ஸ்டிட்ச்தான். 'டேபஸ்ட்ரி கிட்', 'லாங் ஸ்டிட்ச் கிட்' இரண்டும் கட்டக் கேன்வாஸில் கம்பளி நூல் வேலை. 'பஞ்ச் நீடில்' வேறு கருவி, வேறு வேலை. தமிழில் தேடினால் 'ஆரி கிட்' வந்து குவியும். அது கொக்கி ஊசியால் சட்டத்தில் போடும் சங்கிலித் தையல். பிளவுஸுக்கு அருமை, நீங்கள் கேட்கும் மயிலுக்கு அல்ல.

வாங்குமுன் விற்பவரிடம் துணியின் படத்தைக் கேளுங்கள். அட்டைப்படம் போதாது. துணியில் மெல்லிய கோட்டோவியம் தெரிந்தால் சர்ஃபேஸ் கிட். சதுரம் சதுரமாக நெசவு தெரிந்தால் வேண்டாம். பிறகு மூன்று கேள்வி: நூல் எந்த நிறுவனம், எண்ணோடு வருகிறதா? கோட்டைச் சுற்றி எவ்வளவு துணி விட்டிருக்கிறது? ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை இழை, என்ன தையல் என்று குறிப்பில் இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அது கிட் அல்ல, நூலும் துணியும் போட்ட பொட்டலம்.

ஓரத் துணி முக்கியம். 18 செ.மீ. படத்துக்கு நான்கு பக்கமும் குறைந்தது 7 செ.மீ. வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தைத் தைக்கும்போது ஃபிரேமில் துணி பிடிக்காது, முடித்த பிறகு சட்டத்தில் மடித்து ஒட்டவும் இடம் இருக்காது. மலிவான கிட்டுகளில் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

மொட்டை ஊசி வந்ததற்குக் காரணம், கிராஸ் ஸ்டிட்ச் கிட்டுக்கு வாங்கிக் குவித்த ஊசியையே எல்லாப் பையிலும் போடுவது. அது டேபஸ்ட்ரி ஊசி. ஓட்டைத் துணிக்கு நல்லது, நெருக்கமான காட்டனில் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். உங்களுக்கு வேண்டியது கூர்முனையும் நீளக் காதும் உள்ள 'எம்பிராய்டரி' அல்லது 'க்ரூவல்' ஊசி. எண் கூடக் கூட ஊசி மெலியும். ஒற்றை இழைக்கு 10, இரண்டு மூன்று இழைக்கு 8 அல்லது 7. 5 முதல் 10 வரை கலந்த ஒரு பொட்டலம் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

நம் ஊர் வடிவமைப்பாளர்களில் குவாசுலு-நடாலின் ஹேசல் ப்ளோம்காம்ப் ஜாக்கோபியன் (பழைய ஆங்கிலேயப் பூக்கொடி) பாணிக்குப் பெயர்பெற்றவர். மணி, ஊசிப்பின்னல் எல்லாம் கலந்து வரும் வேலை, முதல் கிட்டாக எடுக்காதீர்கள். கேப் டவுனின் டி வான் நீகெர்க் பட்டு ரிப்பன் வேலையில் கைதேர்ந்தவர். ரிப்பனில் இதழ் சீக்கிரம் நிரம்பும், ஆனால் மயில் கழுத்தின் நிறமாற்றம் அதில் வராது.

———

நூல்கண்டு (ஜோகன்னஸ்பர்க்)

அக்கா சொன்னதோடு ஒன்று. கிட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இரண்டே: கோடு அச்சிட்ட துணி, தையல் வரைபடம். நூலையும் ஊசியையும் எண் சொல்லி இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதனால் வெளிநாட்டில் வாங்குவதானால் முழு கிட்டுக்குப் பதில் துணியும் குறிப்பும் மட்டும் உள்ள 'பேனல்' இருக்கிறதா பாருங்கள். தட்டையான உறை, எடை குறைவு. இறக்குமதியில் 15% வாட் விழும், சுங்கமும் கையாளும் கட்டணமும் சேர்ந்தால் சின்னப் பொட்டலத்துக்குக் கட்டுப்படியாகாது. உள்நாட்டுக் கடையென்றால் கூரியர் லாக்கருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்களே சேர்ப்பதானால் துணியில் தொடங்குங்கள். ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவோ, உங்கள் பக்கம் பழைய கிரே தெருவோ, துணிக்கடையில் 'காட்டன்' என்று சொல்லிக் கொடுப்பது பாதி நேரம் பாலிகாட்டன். ஓரத்திலிருந்து நாலு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் நுனி உருகி விரலில் உருட்டக் கடினமான மணியாக நிற்கும். பாலிகாட்டனில் ஊசி இறுகும், ஃபிரேமில் துணி வழுக்கும். நெருக்கமாக நெய்த காட்டனோ காட்டன்-லினன் கலப்போ எடுங்கள். பின்னால் மெல்லிய வெள்ளைக் காட்டன் ஒன்று சேர்த்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் நூல் நுனிகள் முன்னால் நிழலாகத் தெரியாது. வெட்டுமுன் இரண்டையும் துவைத்துச் சுருக்கம் போக்கிவிடுங்கள். இதை விட்டால் முடித்துத் துவைக்கும்போது துணி சுருங்கும், நூல் சுருங்காது, மயில் உப்பிக்கொண்டு நிற்கும்.

நூல் டிஎம்சி நிறுவனத்தின் ஆறு இழைக் காட்டன் என்றால் ஒரு கண்டு 8 மீட்டர். பிரித்தால் ஒற்றை இழையாக 48 மீட்டர். மயிலுக்கு நான் எடுக்கும் நிற எண்கள்: கழுத்துக்கு 820, 995, 996. தோகைக்கு 909, 911, 913. தோகைக் கண்ணுக்கு 783, 725. வெளிக்கோட்டுக்கு 310 கறுப்பு வேண்டாம், மயில் பொம்மை மாதிரி ஆகிவிடும். 939 கருநீலம் போதும். ஆங்கர் நூல் கையில் இருந்தால் மாற்றுப் பட்டியல் பார்க்கலாம், ஆனால் அது தருவது நெருங்கிய நிறம்தான். கழுத்து போன்ற இடத்தில் இரண்டு நிறுவனத்தையும் கலக்காதீர்கள்.

எவ்வளவு நூல் என்று கேட்பீர்கள். ஸ்டெம் ஸ்டிட்சில் ஒவ்வொரு தையலும் பாதி பின்வாங்குவதால் கோட்டின் நீளத்தைப் போல் மூன்று மடங்கு நூல் போகும். சாட்டினில் முன்னால் எவ்வளவோ பின்னாலும் அவ்வளவு. தோகை முழுவதையும் நிரப்புவதானால் 911 இரண்டு கண்டு வாங்குங்கள், ஒரே சமயத்தில். பிறகு போனால் சாயத் தொட்டி வேறாக இருந்து நிறம் மாறும்.

எண் இல்லாத நூலில் சாயம் போகலாம். வெள்ளைத் துணித் துண்டை நனைத்து நூலை அதில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

———

தாமரைமொட்டு (டர்பன்)

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல்: அந்தத் துணி சரியாக இருந்த கிட்டில் கோடு நீலமாக இருந்தது. மடிப்புப் போக இஸ்திரி போட்டேன், கோடு பழுப்பாகிவிட்டது. போகுமா? மேலே தைத்தாலும் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது.

———

ஊசிக்காது (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அது தண்ணீரில் கரையும் நீலப் பேனா. சூடு பட்டால் மை துணியில் இறுகிப் பழுப்பாகும். பெரும்பாலும் முழுதாகப் போகாது. சோப்பு எதுவும் போடாமல் வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள். சோப்பின் காரமும் கறையை இறுக்கும். போகாவிட்டால் அந்தக் கோட்டை ஸ்டெம்முக்குப் பதில் சற்று அகலமான செயினால் மூடுங்கள். கோட்டின் நடுவில் தைக்காமல், வெளி ஓரத்தை ஊசி தொடும்படி தையுங்கள்.

இனிமேல் கோடு எந்த மையில் என்று முதலில் பார்க்க வேண்டும். ஓரத் துணியில் ஒரு கோட்டை நனைத்தால் மறைகிறதா? நீலப் பேனா. தைத்து முடித்து, தண்ணீரில் முழுக்கி எடுத்த பிறகே இஸ்திரி. மேலாகத் தெளித்தால் மை ஓரத்துக்கு நகர்ந்து, காய்ந்ததும் திரும்ப வரும்.

சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனா நேர் எதிர். இஸ்திரி பட்டால் மறையும், கடுங்குளிரில் திரும்பத் தெரியும். சுமார் 60 டிகிரியில் மறைகிற மை அது. டிசம்பர் வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை விட்டால் தைக்குமுன்னே படம் காணாமல் போகலாம். கடையில் இயந்திரத்தால் அச்சிட்ட சாம்பல் கோடு எதற்கும் போகாது. அதை முழுக்க மூட வேண்டும், வேறு வழியில்லை.

———

நூல்கண்டு (ஜோகன்னஸ்பர்க்)

இஸ்திரி என்றதும் ஞாபகம்: முடித்த வேலையை முகம் கீழாக, தடித்த டர்க்கித் துண்டின் மேல் வைத்துப் பின்பக்கம் போடுங்கள். முகத்தில் போட்டால் சாட்டின் தட்டையாகிப் பளபளப்புப் போகும்.

———

பின்பக்கம் (சாட்ஸ்வொர்த்)

பொருளை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், லாங் அண்ட் ஷார்ட் பற்றி யாரும் பேசவில்லை. மயில் கழுத்தில் பெரும்பாலோர் மாட்டுவது அங்கேதான்.

ஒற்றை இழை, 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் ஒவ்வொரு முறை துணிக்குள் போகும்போதும் நூல் தேய்ந்து பஞ்சாகும். ஆறு இழையிலிருந்து ஒன்றை மட்டும் மேலாக உருவுங்கள், மற்றவை சுருண்டு கீழே போய்த் தானே நேராகும். இரண்டு இழை வேண்டுமென்றாலும் ஒவ்வொன்றாக உருவிச் சேருங்கள்.

வெளிக்கோட்டை முதலில் ஸ்பிளிட் ஸ்டிட்சால் (முந்தைய தையலின் இழையைப் பிளந்து போடும் கோட்டுத் தையல்) போடுங்கள். பிறகு வரும் தையல் அந்த வரப்பைத் தாண்டி இறங்கும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இறகு எந்தத் திசையில் படிந்திருக்குமோ அந்தத் திசையைப் பென்சிலில் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் திசை தலையிலிருந்து உடலை நோக்கி. முதல் வரிசை ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டாவது வரிசையில் ஊசி முதல் வரிசைத் தையலுக்குள்ளிருந்து, இழையைப் பிளந்துகொண்டு மேலே வர வேண்டும். இரண்டு தையலுக்கு நடுவிலிருந்து வந்தால் பள்ளம் விழும், நிறங்கள் படிக்கட்டாகத் தெரியும். இன்னொரு தவறு, குட்டைத் தையலை மிகக் குட்டையாகப் போடுவது. நீளம் 10 மி.மீ. என்றால் குட்டை 7 இருக்கட்டும். இரண்டாவது வரிசைக்குப் பிறகு நீளம், குட்டை என்று எண்ண வேண்டாம். நீளத்தை இஷ்டம்போல் மாற்றுங்கள், வரிசை மறைந்துவிடும்.

துணி சுருங்கி இழுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் நூல் இல்லை, ஃபிரேம். உள்வளையத்தில் காட்டன் நாடா சுற்றுங்கள், வழுக்காது. தட்டினால் உறுமி மாதிரி சத்தம் வர வேண்டும். துணி தளர்ந்திருக்கும்போது போட்ட தையல் அப்போது சரியாகத் தெரியும், கழற்றியதும் இழுக்கும். எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிரேமைக் கழற்றுங்கள், வட்டத் தடம் விழாது. ஊசியையும் துணியில் குத்திவிட்டுப் போகாதீர்கள். டர்பன் ஈரக் காற்றில் முலாம் போன ஊசி துருப்பிடிக்கும், அந்தச் சிவப்புப் புள்ளி லேசில் போகாது.

வெளிச்சம் பற்றியும் ஒன்று. ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலோரம் உட்காரச் சொல்லும். நமக்கு அது தலைகீழ், இங்கே வடக்கில்தான் வெயில். தெற்கு ஜன்னலில்தான் நிறம் மாறாத நிலையான வெளிச்சம். 995-ஐயும் 996-ஐயும் மஞ்சள் விளக்கில் பிரித்தறிவது கஷ்டம், பகலில் பார்த்து ஊசியில் கோத்துவையுங்கள். முடித்த படத்தையும் வடக்கு வெயில் நேராக விழும் சுவரில் மாட்ட வேண்டாம்.

———

தாமரைமொட்டு (டர்பன்)

துணி இங்கேயே எடுக்கிறேன், தீக்குச்சிச் சோதனையோடு. தோகைக் கண் நடுவில் பிரெஞ்ச் நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு) போட்டால் பாதி முடிச்சு பின்பக்கம் போய்விடுகிறது. ஏன்?

———

பின்பக்கம் (சாட்ஸ்வொர்த்)

வந்த ஓட்டையிலேயே திரும்ப இறக்குகிறீர்கள். துணியின் இரண்டு இழை தள்ளி இறக்குங்கள். இறக்குமுன் நூலை இடது கையால் இழுத்துச் சுற்றை ஊசியடியில் துணியோடு ஒட்டவையுங்கள், ஊசி முழுதும் உள்ளே போகும்வரை அந்தப் பிடியை விடாதீர்கள். பெரிய முடிச்சு வேண்டுமென்றால் சுற்றைக் கூட்டாதீர்கள், இழையைக் கூட்டுங்கள். மூன்று இழை, ஒரு சுற்று. மூன்று சுற்று போட்டால் முடிச்சு சாய்ந்து புழு மாதிரி படுக்கும்.