3600-க்குக் காரணிகள் 45-ஆ, 46-ஆ? 8633 பகா எண்ணா?

கேள்வி

வணக்கம். காரணிகள் தொடர்பாக இரண்டு இடங்களில் தடைப்பட்டு நிற்கிறேன். 3600-ஐ 1 முதல் 60 வரையுள்ள எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து, மீதியின்றி வகுபடும்போதெல்லாம் வகுத்தி, ஈவு இரண்டையும் காரணிகளாகக் கணக்கிட்டால் மொத்தம் 46 வருகிறது. பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 45 தான் வருகிறது. இவற்றில் எது சரி? அடுத்து, 8633 என்ற எண் 2 முதல் 47 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை. இத்துடன் நிறுத்திவிட்டு அதைப் பகா எண் என்று சொல்லலாமா? எல்லையைக் கூறுவதோடு, அதற்கான காரணத்தையும் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

45 என்பதே சரி. 3600 = 2⁴ × 3² × 5² என்பதால், அதன் காரணி ஒன்றில் 2-இன் அடுக்கு 0 முதல் 4 வரை ஐந்து விதமாகவும், 3, 5 ஆகியவற்றின் அடுக்குகள் மும்மூன்று விதமாகவும் அமையலாம்; 5 × 3 × 3 = 45. தங்கள் முதல் முறையில் கூடுதலாக வந்த ஒன்று, 60-ஆல் வகுக்கும்போது சேர்ந்தது. அங்கே வகுத்தியும் 60, ஈவும் 60. ஒரே காரணி இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. மற்ற காரணிகளெல்லாம் 1-உடன் 3600, 2-உடன் 1800 என்று 22 இணைகளாக அமைகின்றன. வர்க்க எண்களுக்கு மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பட்டியலில் ஏதேனும் விடுபட்டதா என்பதைப் பல நேரங்களில் உடனே கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கும் இந்த இணைதான் விடை. ஓர் எண்ணை இரு காரணிகளின் பெருக்கலாக எழுதும்போது, இரண்டுமே அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரியனவாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கற்பலன் அந்த எண்ணையே தாண்டிவிடும். ஆகவே பகு எண் எதுவாயினும், வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணியாவது அதற்கு இருந்தே தீரும். 92² = 8464, 93² = 8649. எனவே 92 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தாக வேண்டும், 47 போதாது. தொடர்ந்து வகுத்துச் சென்றால், பட்டியலின் கடைசிப் பகா எண்ணாகிய 89-இல் அது வகுபடுகிறது: 8633 = 89 × 97. ஆகவே இது பகு எண்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒற்றைப்படை எண்களுக்கு வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும் வழியொன்றை 17-ஆம் நூற்றாண்டில் பியேர் டி பெர்மா காட்டியிருக்கிறார். வர்க்கமூலத்தை ஒட்டிய அடுத்த முழு எண்ணாகிய 93-ஐ வர்க்கப்படுத்தி 8633-ஐக் கழித்தால் 16 கிடைக்கிறது; அது 4-இன் வர்க்கம். ஆகவே 8633 = 93² − 4² = (93 − 4) × (93 + 4). இருபத்து நான்கு வகுத்தல்கள் செய்த வேலையை ஒரே கழித்தல் முடித்துவிட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் அழகு. ஆனால் காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால்தான் இவ்வழி விரைவானது. 8637-ஐ எடுத்துக்கொண்டால், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 24 என்பதால் 3-ஆல் வகுபடும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. பெர்மாவின் வழியிலோ 93-இலிருந்து 1441 வரை ஒவ்வோர் எண்ணாக ஏறிச் சென்ற பின்னரே 3 × 2879 என்ற விடை கிட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 10000 வரையுள்ள பகா எண்கள் முழுவதையும் பட்டியலிட வேண்டுமானால், ஒவ்வோர் எண்ணையும் இப்படித் தனித்தனியே சோதிக்க வேண்டுமா?

மறுமொழி 1

வேண்டியதில்லை. அங்கே வகுத்தலை விட்டுவிட்டு மடங்குகளை அடித்துச் செல்லும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையைப் பயன்படுத்துங்கள். ஒரு பகா எண்ணின் மடங்குகளை அதன் வர்க்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கினால் போதும். 7-ஐ எடுத்துக்கொண்டால், 14, 21, 28, 35, 42 ஆகியவை 2, 3, 5 ஆகியவற்றின் மடங்குகளாக முன்பே நீங்கியிருக்கும். 7 புதிதாக நீக்கும் முதல் எண் 49. அவ்வாறே 97 நீக்கும் முதல் எண் 9409. அடுத்த பகா எண்ணாகிய 101-இன் வர்க்கம் 10000-ஐத் தாண்டிவிடுவதால் வேலை அங்கேயே முடிகிறது.

மறுமொழி 3

இணையத்தில் காணப்படும் ஒரு குறுக்குவழி குறித்து எச்சரிக்க வேண்டியுள்ளது. n ஒற்றைப்படைப் பகா எண் எனில் 2ⁿ⁻¹-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பது உண்மை. மீதி 1 வந்தால் அது பகா எண் என்பது உண்மையன்று. 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான்; ஆனால் 341 = 11 × 31. மிகப் பெரிய எண்களுக்கும் பிழையின்றி, விரைவாக விடை தரும் முறை உண்டென்று 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர். அம்முறையும் ஓர் எண் பகு எண்ணா என்பதை மட்டுமே சொல்லும்; காரணிகளைத் தராது. தாங்கள் கையாளும் நான்கு இலக்க எண்களுக்கு இவையெதுவும் தேவையில்லை. 100-க்குக் கீழுள்ள 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும்.