புதுப்பிப்பு: 24 கிலோமீட்டர் நடைக்கு முந்தைய வாரம்

சிங்கப்பூரின் தெக்கோங் தீவில் தேசிய சேவையின் (கட்டாய ராணுவப் பணியின்) அடிப்படைப் பயிற்சியில் இருக்கும் நான், 12 கிலோமீட்டர் நடையில் குதிகால் கொப்புளங்கள் உடைந்ததைப் பற்றிச் சென்ற மாதம் எழுதி, நிறைவு அணிவகுப்பு வரை தாங்குவேனா என்று கேட்டிருந்தேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஈரக் காலுறையை மாற்றச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. புண் ஆறிவிட்டது, அந்த இடத்தில் காசளவுக்குத் தடித்த தோல் மட்டுமே இருக்கிறது.

அதிகாலையில் படுக்கை விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து மடிப்பதும், எஸ்.ஏ.ஆர். 21 துப்பாக்கியில் படிந்த கரியைத் துணியால் துடைத்தெடுப்பதும் முதல் வாரத்தில் என்னைத் திணறடித்த அதே வேலைகள்தாம் என்றாலும், இப்போது கை தானாகவே செய்துவிடுகிறது.

கடைசி 24 கிலோமீட்டர் நடை அடுத்த வாரம். முழங்கால் காயத்தால் என் பக்கத்துக் கட்டில் நண்பன் எங்களோடு வர முடியாது என்பதுதான் பெரும் வருத்தம். நேற்று அவன் தன்னிடமிருந்த இரண்டு ஜோடி உலர்ந்த காலுறைகளை என் பையில் வைத்துவிட்டான்.